பால்வாடி என்ற சொல் எங்கிருந்து வந்தது: இந்தியக் கல்விச் சிந்தனையாளர்கள் குறித்த எட்டு வாரப் பாடநெறி பற்றி

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் 17 ஆண்டுகளாகத் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். ஆசிரியர் பட்டயப் படிப்பில் நான் படித்த கல்வித் தத்துவப் பாடத்தில் ரூசோ, பெஸ்டலாட்ஸி, ஃபிரோபல், ஜான் டூயி, மாண்டிசோரி ஆகியோருக்குத் தனித்தனியே பக்கங்கள் இருந்தன. இந்தியர் என்று பார்த்தால் தாகூர், காந்தி, விவேகானந்தர், அரவிந்தர் ஆகிய நால்வரோடு பட்டியல் முடிந்துவிடும். இந்நாட்டின் புழுதி படிந்த வகுப்பறைகளில் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு வேலை செய்து, அந்த வேலையிலிருந்தே தங்கள் கல்விக் கொள்கையை உருவாக்கிக்கொண்டவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள் என்பதை அந்தப் பாடம் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர்களைப் பற்றித் தமிழில் ஒரு பாடநெறி நடக்கப்போகிறது என்று சக ஆசிரியை ஒருவர் தெரிவித்ததும் தயங்காமல் பெயர் கொடுத்தேன்.

தென்மாவட்டம் ஒன்றில் இயங்கும் சிறிய அறக்கட்டளை இதனை நடத்தியது. இது சோதனை முறையில் நடந்த முதல் அணி என்பதால், மதிப்பீடு எழுதுவோர் அமைப்பின் பெயரைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டார்கள். அதன்படியே நானும் தவிர்க்கிறேன். எட்டு சனிக்கிழமைகள், மாலை 6 மணி முதல் 8 மணி வரை, இணையவழி வகுப்பு. கட்டணம் 1,500 ரூபாய். அந்தத் தொகைக்குள்ளேயே ஐந்து சிறு கையேடுகளும் பயிற்சிப் பொருள்கள் அடங்கிய அட்டைப் பெட்டி ஒன்றும் அஞ்சலில் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. எங்கள் அணியில் 32 பேர் இருந்தோம். பெரும்பாலோர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். சில கல்வியியல் கல்லூரி மாணவர்களும் இரண்டு அங்கன்வாடிப் பணியாளர்களும் இருந்தனர். அந்த இருவரும் இல்லாதிருந்தால் இப்பாடநெறி பாதி கூட விளங்கியிருக்காது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வாரம் அறிமுகம். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் கிஜுபாய் பதேகாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. இந்தப் பாடநெறிக்குக் கொடுத்த பணம் இவ்விரு வாரங்களிலேயே ஈடாகிவிட்டது.

கிஜுபாய் 1885-இல் சௌராஷ்டிரத்தில் பிறந்தவர், தொழிலால் வழக்கறிஞர். தமக்கு மகன் பிறந்த பிறகு, அவனை எப்படி வளர்ப்பது என்ற கேள்வி அவரை இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரியின் எழுத்துக்களிடம் கொண்டு சேர்த்தது. 1916-இல் வழக்காடுவதை விட்டுவிட்டுப் பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்கே பால மந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகளிடம் அவர் காட்டிய பரிவைக் கண்ட குஜராத்தி மக்கள் அவருக்கு மீசை வைத்த தாய் என்று பெயர் சூட்டினார்கள். மாண்டிசோரி முறையை அவர் அப்படியே பெயர்த்து நடவில்லை. நாட்டார் கதை, பாட்டு, நாடகம், மண் வேலை என்று குஜராத்தி வீடுகளில் ஏற்கெனவே இருந்தவற்றைக் கொண்டு அதனை நிரப்பினார். 1939-இல் காலமாவதற்குள் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்குமாக 200-க்கும் மேற்பட்ட சிறு நூல்களை எழுதியிருந்தார்.

இவ்வளவையும் எந்தக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம். பயிற்றுநர் இதைச் சொல்லித் தொடங்கவில்லை என்பதே என்னைக் கவர்ந்தது. முதல் வார இறுதியில் அவர் ஒரு சிறு வேலையை மட்டும் கொடுத்தார்: திங்கட்கிழமை வகுப்பில் மாண்டிசோரியின் அமைதி விளையாட்டை நடத்திப் பாருங்கள், கதவையும் சன்னல்களையும் சாத்திவிட்டு, கண்ணை மூடி, காதில் விழும் சிறு ஒலிகளைக் கவனிக்கச் சொல்லுங்கள், நடந்ததை நாலு வரி எழுதி வாருங்கள். நான் நான்காம் வகுப்பில் 24 பிள்ளைகளோடு அதை நடத்தினேன். சன்னலைச் சாத்தியதும் ஒரு மூலையிலிருந்து பேய்க் குரல் எழுந்தது. இன்னொரு மூலை சிரித்தது. ஒருவன் இன்னொருவனின் கையைக் கிள்ள, அவன் அழ, இரண்டு நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என்னுடைய தோல்வியை நாலு வரியில் எழுதிக்கொண்டு, சற்றே வெட்கத்தோடு இரண்டாம் வார இணைய வகுப்பில் உட்கார்ந்தேன். அணியில் இருந்த பள்ளி ஆசிரியர்களில் அநேகமாக எல்லோரும் அதையே எழுதி வந்திருந்தார்கள்.

அதன் பிறகுதான் பயிற்றுநர் கிஜுபாயின் புகழ்பெற்ற நூலான திவாஸ்வப்னத்தை எடுத்தார். பகற்கனவு என்று பொருள்படும் அந்நூலில் ஓர் ஆசிரியர், கல்வி அதிகாரியிடம் அனுமதி பெற்று, ஒரு சாதாரணப் பள்ளியின் நான்காம் வகுப்பை ஓராண்டுக்குத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். முதல் நாள் அவர் செய்வது அதே அமைதி விளையாட்டு. முதல் நாள் அவர் தோற்பதும் அதே தோல்வி. பிள்ளைகள் ஊளையிடுகிறார்கள், கேலி செய்கிறார்கள்; அவர் வகுப்பைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அன்றிரவு, தாம் படித்து வைத்திருந்தது வேறு, இந்தப் பிள்ளைகள் வேறு என்று ஒப்புக்கொண்டு, மறுநாளிலிருந்து கதை சொல்லத் தொடங்குகிறார். நாள் கணக்கில் கதை. கதையின் வழியாகக் கவனம். கவனத்தின் வழியாக வருகைப் பதிவேடும் ஒழுங்கும். முன்கூட்டியே நாங்களும் தோற்றிருந்ததால் அந்தப் பகுதியைப் படித்தபோது யாருக்கும் அது எங்கோ குஜராத்தில் எப்போதோ நடந்த கதையாகத் தோன்றவில்லை. ஒரு கல்விச் சிந்தனையாளரை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழியை நான் எந்தப் பணியிடைப் பயிற்சியிலும் பார்த்ததில்லை. முதலில் கையை நனைக்க வைத்துவிட்டு, பிறகு நூலைத் திறந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை தொடங்கி நானும் கதை சொன்னேன். எத்தனையோ ஆண்டுகளாக அவ்வப்போது கதை சொல்லி வந்தவள்தான் நான். ஆனால் அது பாடத்தின் முடிவில் நேரம் மிஞ்சினால் கிடைக்கும் பரிசாகவே இருந்தது. வகுப்பு நாளைக் கதையில் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை இப்போதுதான் பார்த்தேன். நான்காம் நாள், வழக்கமாகப் பத்து மணிக்கு மேல் வந்து நிற்கும் ஒரு பையன் மணி அடிப்பதற்கு முன்பே வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். ‘டீச்சர், அந்தக் கழுதைக்கு அப்புறம் என்ன ஆச்சு?’ என்பதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை.

இந்த வாரங்களிலேயே முதல் குறையும் தென்பட்டது. திவாஸ்வப்னத்தில் அந்த ஆசிரியர், ஒவ்வொரு பிள்ளையும் ஒரே பாடநூலை வாங்கும் பணத்தைச் சேர்த்துப் பல்வேறு கதை நூல்களை வாங்கி வகுப்பறை நூலகம் அமைக்கிறார். கையேட்டின் மூன்றாம் பயிற்சி அதனை அப்படியே எடுத்து, உங்கள் வகுப்பில் பாடநூல் பணத்தைப் பொதுவில் சேர்க்கப் பெற்றோரிடம் பேசுங்கள் என்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பாடநூல் விலையில்லாமல் வழங்கப்படுகிறது என்பது கையேட்டை எழுதியவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. வேறு மொழிக் கையேடு ஒன்றிலிருந்து மொழிபெயர்த்தபோது யாரும் நின்று யோசிக்கவில்லை என்றே தோன்றுகிறது. கையேட்டின் நடையும் அப்படித்தான் இருக்கிறது. ‘கற்போர் மைய அணுகுமுறையின் செயல்படுத்தல் சார்ந்த பரிமாணங்கள்’ என்பது போன்ற தலைப்புகளைப் படித்துவிட்டு, வகுப்பில் பயிற்றுநர் பேசுவதைக் கேட்டால் இரண்டும் ஒரே பாடநெறியைச் சேர்ந்தவை என்று நம்ப முடியாது. அவர் பேசியதை எழுத்தில் இறக்கி அச்சிட்டிருந்தாலே அருமையான கையேடு ஆகியிருக்கும்.

எங்கள் அணியில் ஓர் ஆசிரியர் அந்தப் பயிற்சியைத் தாமே மாற்றிக்கொண்டார். பள்ளி நூலக அலமாரியில் பூட்டிக் கிடந்த புத்தகங்களை எடுத்து, வகுப்பறைக்குள் கம்பியில் தொங்கவிட்டார். பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிட நம் வகுப்பறைகளில் கட்டிய கம்பிப் பந்தல் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. பிள்ளைகள் எழுதுவதற்காகச் சுவரின் அடிப்பகுதியில் தீட்டிய தாழ்நிலைக் கரும்பலகையும் இருக்கிறது. அவை எந்தச் சிந்தனையின் வழி வந்தவை என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. அலுவலகத்திலிருந்து வந்த ஆணையாகவே அவை வந்தன. ஆணை மாறியதும் கம்பியில் துணி காய்ந்தது. அதே கம்பியில் புத்தகம் தொங்குவதை அந்த ஆசிரியர் படம் எடுத்துக் காட்டியபோது, வகுப்பே சிறிது நேரம் பேசாமல் பார்த்தது.

நான்காம் வாரம் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாகும். மும்பையில் 1892-இல் பிறந்து, அந்தக் காலத்திலேயே பட்டம் பெற்று, ராஜ்கோட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரியில் பொறுப்பு வகித்த தாராபாய், 1923-இல் பாவ்நகருக்குச் சென்று கிஜுபாயோடு சேர்ந்தார். 1926-இல் இருவருமாக நூதன பால சிக்ஷண சங்கம் என்ற குழந்தைக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நகரத்துப் பிள்ளைகளோடு பல ஆண்டுகள் வேலை செய்த பிறகு, இந்த முறை கிராமத்து ஏழைப் பிள்ளைக்குப் பயன்படுமா என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. 1945-இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் வடகோடியில், கடலோரக் கிராமமான போர்டியில் கிராம பால சிக்ஷா கேந்திரம் என்ற கிராமக் குழந்தைக் கல்வி மையத்தை நிறுவினார். மிக இளம் வயதிலேயே விதவையாகி, படித்து ஆசிரியையான அனுதாய் அங்கே அவரோடு சேர்ந்தார். 1957-இல் வேலை கோஸ்பாட் குன்றுக்கு இடம் பெயர்ந்து, வார்லி பழங்குடிப் பிள்ளைகளின் நடுவே வேர் பிடித்தது.

கோஸ்பாடின் வேலை எனக்கு முற்றிலும் புதிய செய்தி. மாண்டிசோரியின் விலையுயர்ந்த மரச் சாதனங்களுக்குப் பதிலாகக் கூழாங்கல், சிப்பி, விதை, இலை ஆகியவற்றைக் கொண்டே எண்ணவும் தரம் பிரிக்கவும் பிள்ளைகளைப் பழக்கினார்கள். பிள்ளைகள் மையத்துக்கு வராதபோது மையமே பிள்ளைகள் இருக்கும் முற்றத்துக்குச் சென்றது. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது. பள்ளிக்கு வராத பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கத்தில் ஊறிய எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதிய பாடம்: வராமைக்குக் காரணம் பிள்ளையிடம் இல்லை, பள்ளி நிற்கும் இடத்தில் இருக்கிறது.

இந்த வகுப்பில்தான் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் முதன்முறையாக ஒலிவாங்கியைத் திறந்து பேசினார். 21 ஆண்டுகள் பணியில் இருப்பவர். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அங்கன்வாடி என்று யாரும் சொல்வதில்லை. பால்வாடி என்றுதான் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை சொல்வார்கள். ‘பால் பவுடர் கொடுத்ததால்தான் அந்தப் பெயர் வந்தது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்றார் அவர். மராத்தியில் பால் என்றால் குழந்தை, வாடி என்றால் தோட்டம், அங்கன் என்றால் முற்றம் என்று பயிற்றுநர் விளக்கினார். அந்த மாதிரியை உருவாக்கியது போர்டியில் இருந்த இரண்டு பெண்கள் என்றும், பிற்காலத்தில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடி என்ற பெயரையே நாடெங்கும் கொண்டு சென்றது என்றும் சொன்னார். அந்த அம்மையார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய், தம் மையத்தில் பயன்படுத்தும் ஒரு சுளகைக் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் பிடித்தார்.

அதில் நாலு கொட்டாங்கச்சிகள் இருந்தன. ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் வேப்பங்கொட்டை, ஒன்றில் குன்றிமணி அளவுள்ள சிறு கற்கள், இன்னொன்று காலி. பிள்ளைகள் கலந்து கிடப்பதைப் பிரித்துப் போட வேண்டும். பிரித்து முடித்த பிறகு காலிச் சிரட்டையில் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் எண்ணிப் போடலாம். புளியங்கொட்டை ஒன்றை எடுத்துக் காட்டி, அதன் ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் உரசி வெள்ளை தெரியும்படி செய்திருப்பதையும், அதனை உருட்டிப் பிள்ளைகள் தாயம் போல் எண்ணுவதையும் விளக்கினார். யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. சிறுவயதில் தாம் விளையாடியதை அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார். குன்றிமணி அளவுக் கல் மூன்று வயதுப் பிள்ளையின் மூக்கில் போய்விடாதா என்று ஒருவர் கேட்டதற்கு, அந்தச் சிரட்டையை நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், அதுவும் தாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் கொடுப்பதாகப் பதில் சொன்னார். கோஸ்பாடின் கூழாங்கல்லும் இந்தச் சுளகும் ஒரே சிந்தனையின் இரு கிளைகள் என்பதை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாடநெறியை வடிவமைத்தவர்கள் இதை எதிர்பார்த்துத் திட்டமிட்டிருந்தார்களா என்று எனக்கு ஐயம் உண்டு. வகுப்பு நேரத்தின் பெரும் பகுதி படவில்லைகளுக்கே போயிருந்தது. இந்தப் பகிர்வு கடைசிக் கால் மணி நேரத்தில் தற்செயலாக நடந்தது. அடுத்த அணியில் இந்த வாரத்தைத் தலைகீழாக்கி, பங்கேற்பாளர்கள் தங்கள் மையத்துப் பொருள்களைக் காட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்தாம் வாரம் ஜோதிராவ், சாவித்திரிபாய் புலே தம்பதியர். சாவித்திரிபாய் இப்போது முன்போல் மறக்கப்பட்டவர் அல்லர். 1848-இல் புனேயின் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளி தொடங்கியதையும், போகும் வழியில் சேறும் சாணமும் வீசப்பட்டதால் மாற்றுச் சேலை எடுத்துச் சென்றதையும் நம் பிள்ளைகளே சொல்வார்கள். ஆனால் ஜோதிராவ் புலே 1882 அக்டோபரில் ஆங்கில அரசின் கல்விக் குழுவான ஹண்டர் குழுவுக்கு அளித்த விண்ணப்பத்தைப் படித்தவர்கள் எத்தனை பேர்? அதன் சாரத்தைத் தமிழில் நான்கு பக்கங்களில் கொடுத்திருந்தார்கள். ஐந்து கையேடுகளிலும் இந்த நான்கு பக்கங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் புரட்டுகிறேன். அரசின் வருவாய் உழுகிறவனின் வியர்வையிலிருந்து வருகிறது, ஆனால் கல்விச் செலவு மேல்தட்டினருக்குப் போகிறது என்பது அவரது அடிப்படை வாதம். மேலே உள்ளவர்களுக்குக் கற்பித்தால் அது மெல்லக் கீழே கசியும் என்ற ஆங்கில அரசின் கொள்கையை அவர் நேருக்கு நேர் மறுத்தார். குறைந்தது 12 வயது வரை தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றும், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடுமானவரை உழவர் குடும்பங்களிலிருந்து வர வேண்டும் என்றும், அவர்களது சம்பளம் மாதம் 12 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும் எழுதினார். பாடத்திட்டத்தில் எழுத்து, கணக்கு, வரலாறு, புவியியல், இலக்கணம் ஆகியவற்றோடு வேளாண்மையின் தொடக்க அறிவும் உடல்நலமும் நன்னெறியும் இடம்பெற வேண்டும் என்றார்.

யார் கற்பிக்கிறார், அவருக்கு என்ன சம்பளம், அவர் எந்தக் குடும்பத்திலிருந்து வருகிறார் என்பவை கல்வித் தத்துவத்துக்கு வெளியே உள்ள நிர்வாக விவரங்கள் என்றுதான் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. புலே அவற்றைத் தத்துவத்தின் நடுவில் வைத்தார். பயிற்றுநர் இதை அழுத்திச் சொன்னது சரியானது. அன்றைய விவாதம் 8 மணியைத் தாண்டி 9 வரை நீண்டது. யாரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

ஆறாம், ஏழாம் வாரங்களில் ஆதாரக் கல்வி, அதாவது கைத்தொழிலின் வழியே மற்றப் பாடங்களைக் கற்பிக்கும் காந்தியின் கல்வித் திட்டம். இங்கேதான் எனக்கு மிகுந்த மனநிறைவும் மிகுந்த ஏமாற்றமும் சேர்ந்து வந்தன.

மனநிறைவுக்குக் காரணம், அவர்கள் காந்தியை விட்டுவிட்டு ஆரியநாயகத்தை எடுத்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவர் சாந்திநிகேதனில் தாகூரோடு இருந்து, 1930-இல் அவரோடு ரஷ்யப் பயணமும் சென்று, பிறகு வார்தாவுக்கு வந்து, காந்தியின் கல்வித் திட்டத்தை நடைமுறையில் நிறுத்திக் காட்டினார் என்பது எனக்கு இதுவரை தெரியாது. 1937 அக்டோபர் 22, 23 நாள்களில் வார்தாவில் கூடிய மாநாட்டின் முடிவில் சாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவுக்கு ஆரியநாயகமே அமைப்பாளர். பின்னர் சேவாகிராமத்தில், ஆதாரக் கல்விக்கான அமைப்பாகிய இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளராக, மனைவி ஆஷாதேவியோடு சேர்ந்து அங்கிருந்த பள்ளியைப் பல ஆண்டுகள் நடத்தினார். தாகூரின் கலைக் கூடத்தையும் காந்தியின் கைத்தொழில் கூடத்தையும் தம் வாழ்க்கையில் இணைத்துக் காட்டிய இவரைப் பற்றித் தமிழர்களாகிய நாமே பேசாமல் இருப்பது எனக்கு உண்மையான வருத்தத்தைத் தருகிறது.

பெட்டியில், கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கருவியான தக்ளி ஒன்றும் பஞ்சுச் சுருள்களும் இருந்தன. சாகிர் உசேன் குழுவின் கால அட்டவணையை முதலில் திரையில் காட்டினார்கள்: நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரப் பள்ளி, அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம், இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம், தாய்மொழிக்கு 40, சமூகவியலுக்கும் அறிவியலுக்கும் 30, உடற்பயிற்சிக்கு 10, இடைவேளை 10. கணக்குக்கு இவ்வளவு குறைவா என்று எல்லோரும் திகைத்தோம். பிறகு தக்ளியைச் சுழற்றச் சொன்னார்கள். முதல் அரை மணி நேரம் எனக்கு நூல் அறுந்துகொண்டே இருந்தது. பஞ்சைப் பிடிக்கும் விரலின் அழுத்தமும் தக்ளி சுழலும் வேகமும் ஒத்து வந்தபோது, ஒரு முழ நீளத்துக்கு நூல் இறங்கியது. எத்தனை சுற்றுக்கு எத்தனை அங்குலம், பத்து நிமிடத்துக்கு எவ்வளவு, ஒரு முழத் துணிக்கு எத்தனை நாள் என்று பயிற்றுநர் கேட்கக் கேட்க, கணக்கு அந்த 3 மணி 20 நிமிடத்துக்குள்ளேதான் இருக்கிறது என்பது விளங்கியது. பஞ்சு எங்கே விளைகிறது, எந்த மண், எந்தத் துறைமுகம் என்று புவியியலும் வரலாறும் அதிலேயே தொடர்ந்தன. கைத்தொழில் ஒரு பாடம் அல்ல, மற்றப் பாடங்கள் நுழைந்து வரும் வாசல் என்ற கருத்தை இப்படிக் கையால் தொட்டால்தான் புரிந்துகொள்ள முடியும்.

ஏமாற்றத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கைத்தொழில் வழிக் கல்வி என்று சொன்ன மறுகணம் யாருக்கும் நினைவுக்கு வருவது 1953-இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டம். அரை நாள் பள்ளி, மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்பது என்ற அந்தத் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தன. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் அதனைக் கைவிட்டார். ஏழாம் வார வகுப்பில் கல்வியியல் மாணவர் ஒருவர், ‘ஐயா, ஆதாரக் கல்வியும் குலக்கல்வியும் ஒன்றுதானே?’ என்று நேராகக் கேட்டார். மிகவும் நியாயமான கேள்வி. பயிற்றுநர் அதனை அரசியல் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த படவில்லைக்குப் போய்விட்டார்.

இது ஒதுக்கத்தக்க கேள்வியே அல்ல. இரண்டும் ஒன்றல்ல என்பது என் கருத்து. ஆனால் அதைக் காரணம் காட்டித்தான் நிறுவ வேண்டும். சேவாகிராமத்தில் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே தொழிலை ஆசிரியரிடம் கற்றார்கள். கழிவறை சுத்தம் செய்வது உட்பட எந்த வேலையும் ஒரு சாதிக்குரியது அல்ல என்பது அதன் அடித்தளம். 1953-இன் திட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே அனுப்பி அப்பாவின் தொழிலிடமே ஒப்படைத்தது; அதாவது ஆதாரக் கல்வி எதை உடைக்க நினைத்ததோ அதையே உறுதிப்படுத்தும் அபாயம் அதில் இருந்தது. அதே நேரம், பிள்ளைகள் செய்த பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுகட்டலாம் என்று காந்தி எதிர்பார்த்ததும் உண்மை. உழைக்கும் குடும்பத்துப் பிள்ளையின் கையிலிருந்து மீண்டும் உழைப்பையே வாங்குவதா என்ற எதிர்வாதத்துக்கு அதனால் வலு இருக்கிறது. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் புலேவைப் படித்திருந்தோம். அவரது விண்ணப்பத்தையும் இந்தக் கால அட்டவணையையும் அருகருகே வைத்துப் பேசியிருந்தால், இந்தப் பாடநெறியின் மிகச் சிறந்த மாலையாக அது அமைந்திருக்கும். வார்தாவைத் தமிழில் கற்பிக்க முன்வருகிறவர்கள் தமிழ்நாட்டின் இந்த நினைவைக் கடந்து செல்ல முடியாது. இதுவே இப்பாடநெறியின் பெரிய குறை என்று கருதுகிறேன்.

இதோடு தொடர்புடைய இன்னொரு விடுபடலும் உண்டு. ஆதாரக் கல்வியின் தொடர்ச்சியைப் பார்க்க வார்தா வரை போக வேண்டியதில்லை. சாந்திநிகேதனில் படித்த ஜி. இராமச்சந்திரனும் டி. எஸ். சௌந்தரமும் 1947-இல் நிறுவிய காந்திகிராமம் திண்டுக்கல் அருகிலேயே இருக்கிறது. அணியில் பாதிப் பேர் ஒரு நாள் பயணத்தில் அங்கே போய்வரக்கூடிய தொலைவில் இருந்தோம். கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எட்டாம் வாரத்தில் ஜே. பி. நாயக்குக்கு 20 நிமிடங்கள் மட்டும் ஒதுக்கினார்கள். 1964-66 கோத்தாரி கல்விக் குழுவின் உறுப்பினர்-செயலராக இருந்து, சமத்துவம், தரம், எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒருசேர எட்டுவது இந்தியக் கல்விக்கு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று வாழ்நாள் முழுவதும் யோசித்தவருக்கு அது போதாது. மீதி நேரம் இறுதித் தேர்வுக்குப் போய்விட்டது.

தேர்வைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வாரமும் பத்துக் கொள்குறி வினாக்கள். கிஜுபாய் பிறந்த ஆண்டு எது, தாராபாய் எந்த ஆண்டு பாவ்நகர் சென்றார் என்பவை போன்றவை. இறுதியில் மதிப்பெண் வரிசைப்படி முதல் மூன்று பேருக்குப் பரிசு அறிவித்தார்கள். பிள்ளைகளைப் போட்டியில் நிறுத்திப் பரிசும் தரவரிசையும் கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தவர் கிஜுபாய். அவரது பெயரால் நடந்த பாடநெறியில் எங்களை வரிசைப்படுத்தியபோது மனம் ஒப்பவில்லை. இரண்டாம் பரிசு எனக்குக் கிடைத்தது. வேண்டாம் என்று பணிவாக எழுதிவிட்டேன். வாரந்தோறும் வகுப்பில் செய்து பார்த்ததை நாலு வரியில் எழுதி அனுப்பச் சொல்லும் முறை ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. மதிப்பிட அதுவே தாராளமாகப் போதும்.

சேவையைப் பொறுத்தவரை பெரிய குறை இல்லை. பெட்டி குறித்த நாளில் வந்தது. இரண்டு முறை ஒலி அறுந்தபோதும் பதிவை அன்றிரவே அனுப்பினார்கள். கேள்விகளுக்குக் குழுவில் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். தக்ளி ஒன்று உடைந்து வந்ததாகச் சொன்னவருக்கு வேறொன்று அஞ்சலில் சேர்ந்தது.

தொடக்க வகுப்பு ஆசிரியர்களும் கல்வியியல் மாணவர்களும் 1,500 ரூபாய் கொடுத்துத் தாராளமாகச் சேரலாம். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குக் குறிப்பு எடுக்கும் நோக்கத்தோடு வருகிறவர்களுக்கு இது உதவாது. சேர்கிறவர்கள் கையேட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வாரப் பயிற்சியையும் வகுப்புக்கு முன்பே செய்துவிட்டு வர வேண்டும்.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்குக் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கவும், வகுப்பைச் சனிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு காலைக்கு மாற்றவும் அமைப்பினரிடம் கேட்டிருக்கிறேன். சுளகு காட்டிய அம்மையார் அன்றன்றைய பதிவுகளைக் கைபேசியில் ஏற்றி முடிக்க மாலை ஏழு ஆகிவிடுவதால், எட்டு வாரத்தில் மூன்று வகுப்புகளில் பாதியிலிருந்துதான் சேர முடிந்தது.